கொரோனாவுக்கான புரதத் தடுப்பூசி: வன்னியில் கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் என்று வன்னியின் எல்லாப் பக்கமும் உயர்தரப் பிள்ளைகளும் அவர்களின் பெற்றோரும் கேட்கிற கேள்விகள் இவை. பெரும்பாலும் கேட்ட விதத்திலேயே போட்டிருக்கிறேன். நான் உயிரியல் படிப்பிக்கிறவன், வைத்தியர் இல்லை. யாருக்கு எந்த ஊசி, எப்போது என்பதை உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேளுங்கள். ஊசிக்குள் இருக்கிற புரதத்தை எப்படிச் செய்கிறார்கள், அது ஏன் இலேசான வேலை இல்லை என்பதுதான் இங்கே விஷயம்.

மீள்சேர்க்கைப் புரதத் தடுப்பூசி என்றால் என்ன?

முழுக் கிருமியையும் உடலுக்குள் விடாமல், அதன் ஒரு புரதத்தை மட்டும் வெளியே செய்து, சுத்திகரித்து, ஊசியாகப் போடுவது. அந்தப் புரதத்துக்கான மரபணுவை வேறொரு உயிரின் கலத்துக்குள் வைத்தால், அந்தக் கலம் அதை வாசித்துப் புரதத்தைச் செய்து தரும். ஈஸ்ட், பூச்சிக் கலம், ஹாம்ஸ்டர் என்ற எலியினத்தின் கலம், செடி என்று பலதைப் பயன்படுத்துகிறார்கள். ஊசியாகப் போன புரதத்தை உடல் அந்நியமாகக் கண்டு அதற்கெதிராகப் பிறபொருளெதிரிகளை, அதாவது அதைப் பிடித்துத் தடுக்கிற புரதங்களை, செய்யும். அந்த நினைவையும் வைத்திருக்கும். வைரஸ் உண்மையாகவே வரும்போது உடல் முதலில் இருந்து தொடங்க வேண்டியதில்லை.

எங்களுக்குப் போட்டது இதுதானா?

இல்லை. இலங்கையில் கொரோனா ஊசி 2021 ஜனவரி 29 அன்று கோவிஷீல்டுடன் தொடங்கியது. பிறகு சினோபார்ம், ஸ்புட்னிக், மொடேர்னா, பைசர் எல்லாம் வந்தன. கூடப் பேருக்குப் போட்டது சினோபார்ம். அது செயலிழக்கச் செய்த முழு வைரஸ். கோவிஷீல்டும் ஸ்புட்னிக்கும் அடினோ வைரஸ் ஒன்றின் மேல் மரபணுவை ஏற்றி அனுப்புபவை. பைசரும் மொடேர்னாவும் எம்ஆர்என்ஏ வகை, அதாவது புரதத்தைச் செய்வதற்கான குறிப்பை மட்டும் கலத்துக்குக் கொண்டுபோபவை.

சினோபார்மை விட்டால் மற்ற நாலும் புரதத்தைச் செய்யும் வேலையை உங்கள் உடலின் கலங்களிடமே ஒப்படைக்கின்றன. புரதத் தடுப்பூசியில் அந்த வேலை தொழிற்சாலையில் முடிந்துவிடுகிறது. அதன் நன்மை, தொல்லை, தாமதம் எல்லாம் இந்த ஒரு வித்தியாசத்தில் இருந்துதான் வருகின்றன.

அப்ப இது பரீட்சித்துப் பார்க்காத புது முறையா?

இல்லவே இல்லை. 1986 இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஹெப்பற்றைற்றிஸ் பி ஊசிதான் இந்த வகையில் முதலாவது. அதற்கு முந்திய ஊசியை, அந்த வைரஸைக் காவித் திரிந்தவர்களின் இரத்தத் திரவவிழையத்தில் இருந்து எடுத்தார்கள். ஈஸ்டுக்குள் மரபணுவை வைக்கத் தெரிந்ததும் மனித இரத்தமே தேவைப்படாமல் போனது.

இலங்கையில் 2003 இல் ஹெப்பற்றைற்றிஸ் பி ஊசி குழந்தைகளுக்கான திட்டத்தில் சேர்ந்தது. 2008 முதல் அது ஐங்கூட்டு ஊசிக்குள் ஒன்றாக இரண்டாம், நான்காம், ஆறாம் மாதங்களில் போகிறது. இடம்பெயர்ந்து திரிந்த 2008, 2009 காலத்தில் பிறந்த எங்கள் பிள்ளைகள் சிலரின் கிளினிக் அட்டையில் இடைவெளி இருக்கலாம். மற்றபடி உங்கள் வீட்டுப் பிள்ளை எப்போதோ மீள்சேர்க்கைப் புரதத்தை வாங்கிவிட்டது. 2017 முதல் தரம் 6 மாணவிகளுக்குக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுக்கப் போடும் எச்.பீ.வீ. ஊசியும் இதே வகைதான். சீனி வருத்தத்துக்கு அப்பப்பா போடுகிற இன்சுலின் தடுப்பூசி இல்லை என்றாலும், அதுவும் 1982 முதல் இப்படி மரபணுவை மாற்றி வைத்த பற்றீரியாவிலும் பின்னாளில் ஈஸ்டிலும் செய்யப்படுவதுதான். அதைப் பற்றி யாரும் பயந்து கேட்டதாக எனக்கு நினைவில்லை.

கொரோனாவில் எந்தப் புரதத்தை எடுக்கிறார்கள்? ஏன் அது?

வைரஸின் மேலே முள்ளாக நீட்டிக்கொண்டிருக்கிற ஸ்பைக் புரதத்தை. அதுதான் எங்கள் கலங்களின் மேலுள்ள ஏசிஈ2 என்ற ஏற்பியைப் பிடித்து உள்ளே நுழைகிறது. அந்தப் பிடியைத் தடுத்தால் வைரஸ் வெளியே நிற்கும். புரதம் என்பது அமினோ அமிலம் என்ற சிறு அலகுகள் கோத்த சங்கிலி. ஸ்பைக் 1273 அமினோ அமிலங்கள் நீளமானது. அப்படி மூன்று சேர்ந்துதான் ஒரு முள். ஏற்பியைத் தொடுகிற பகுதி அதில் ஏறத்தாழ 220 அமினோ அமிலங்கள் மட்டுமே. சில கம்பனிகள் முழு ஸ்பைக்கை எடுத்தன, சில அந்தச் சிறு துண்டை மட்டும் எடுத்தன.

இனித்தான் சிக்கல். ஸ்பைக் என்பது விசை ஏற்றி வைத்த எலிப்பொறி மாதிரி. கலத்தோடு ஒட்டும்போது சட்டென்று வடிவம் மாறி நீண்டுவிடும். தொழிற்சாலையில் தனியாகச் செய்தால் வைரஸே இல்லாமலும் அது தானாக விசை விட்டுவிடக்கூடும். அப்படி மாறிய வடிவத்துக்கு எதிராக உடல் செய்யும் பிறபொருளெதிரிகளில் பல, நுழையப் போகிற வைரஸைத் தடுக்க உதவாது. அதாவது, சரியான புரதமாக இருந்தும் பிழையான வடிவமாக இருந்தால் ஊசி வீண்.

இதற்கான வழி கொரோனாவுக்கு முன்பே தெரிந்திருந்தது. மத்திய கிழக்கில் பரவிய மெர்ஸ் வைரஸின் ஸ்பைக்கில் இரண்டு இடங்களில் புரோலீன் என்ற விறைப்பான அமினோ அமிலத்தை மாற்றி வைத்தால் வடிவம் அசையாமல் நிற்கும் என்று ஜேசன் மெக்லெல்லன், பார்னி கிரகாம் ஆகிய விஞ்ஞானிகளின் குழுக்கள் 2017 இல் காட்டியிருந்தன. 2020 ஜனவரியில் சீனாவில் இருந்து புது வைரஸின் மரபணுத் தொடர் வெளியானதும் அதே மாற்றத்தை 986 ஆம், 987 ஆம் இடங்களில் செய்தார்கள். பைசரிலும் மொடேர்னாவிலும் இருப்பதும் இந்த மாற்றம்தான். மெர்ஸ் எங்கள் பக்கம் வராத நோய் என்று அப்போது செய்தியைப் படிக்காமல் பக்கத்தைத் திருப்பியவர்களுக்கும் சேர்த்துத்தான் அந்த வேலை உதவியது.

எங்கட சோளனைத் தின்ற புழுவில் இருந்து ஊசி செய்கிறார்களாம். உண்மையா?

பாதி உண்மை. நோவாவாக்ஸ் என்ற அமெரிக்கக் கம்பனியின் ஊசி பூச்சிக் கலங்களில் செய்யப்படுகிறது. அந்தக் கலங்கள் முதலில் எடுக்கப்பட்டது ஸ்பொடொப்டெரா புருஜிபெர்டா என்ற பூச்சியில் இருந்து. 2018 இன் கடைசியில் இலங்கைக்குள் வந்து சோளச் செய்கையை நாசமாக்கிய சேனா படைப்புழு இருக்கிறதே, அதே இனம்தான்.

ஆனால் யாரும் புழுவைப் பிடித்து அரைப்பதில்லை. 1970களில் அமெரிக்காவில் அந்தப் பூச்சியின் கூட்டுப்புழுவின் சூலகத்தில் இருந்து எடுத்த கலங்கள் கண்ணாடிக் குடுவையில் பிரிந்து பெருகத் தொடங்கின. அவற்றின் வழித்தோன்றல்களைத்தான் இன்றைக்கும் உறைய வைத்து, தேவையானபோது எடுத்து வளர்க்கிறார்கள். எஸ்எப்9 என்பது அந்தக் கல வரிசையின் பெயர்.

இந்தக் கலங்களுக்குள் மரபணுவைக் கொண்டுபோவது பகுலோ வைரஸ். இது புழுக்களைத் தாக்கும் வைரஸ். மனிதருக்கு நோய் தராது. பகுலோ வைரஸ் பிடித்த புழு நுனி இலையில் தலைகீழாகத் தொங்கிச் சாகும். தோட்டத்தில் அப்படித் தொங்கியதைக் கண்டிருப்பீர்கள். இதே குடும்பத்து வைரஸ்களைப் பூச்சிகொல்லியாகத் தெளிப்பவர்களும் உண்டு. இந்த வைரஸ் தன் கடைசிக் கட்டத்தில் தன்னைச் சுற்றிப் பொதிவதற்கு ஒரு புரதத்தை அளவுகணக்கில்லாமல் செய்யும். அந்தப் புரதத்தின் மரபணுவை எடுத்துவிட்டு நமக்கு வேண்டிய மரபணுவை அங்கே வைத்தால், அதே வேகத்தில் நமது புரதம் வரும் என்று மாக்ஸ் சமர்ஸும் கேல் ஸ்மித்தும் 1983 இல் காட்டினார்கள். கேல் ஸ்மித் பின்னாளில் நோவாவாக்ஸில் விஞ்ஞானியாக இருந்தார்.

சரி, கலம் புரதத்தைச் செய்துவிட்டது. எடுப்பது எப்படி? நோவாவாக்ஸின் ஸ்பைக் கலத்தின் மென்சவ்வில் குத்திக்கொண்டு நிற்கும். அழுக்கு நீக்கி வகைப் பொருள் ஒன்றால் கலத்தை உடைத்து, கலவையைப் பல நிரல்களுக்குள்ளால் விடுகிறார்கள். நிரல் என்பது மணிமணியான பொருள் நிரப்பிய நீண்ட குழாய். வேண்டியதைப் பிடித்து வேண்டாததை ஓடவிடும். அதில் ஒரு நிரலில் பூசியிருப்பது பருப்பில் இருந்து எடுத்த லெக்டின் என்ற புரதம். நாங்கள் சோற்றுக்குக் கறி வைக்கிற மைசூர்ப் பருப்பின் இனம். ஸ்பைக்கின் மேல் ஒட்டியிருக்கிற வெல்லங்களை அந்த லெக்டின் பிடித்துக்கொள்ளும். அப்புறம் மிச்சமிருக்கிற பகுலோ வைரஸைச் செயலிழக்கச் செய்து நீக்குகிறார்கள், கலத்தின் டிஎன்ஏ, கலப் புரதம் எவ்வளவு மிச்சம் என்று அளக்கிறார்கள். அனுமதித்த அளவுக்கு மேலே இருந்தால் அந்தத் தொகுதியே கழிவு.

ஈஸ்டில் செய்த கொரோனா ஊசியும் இருக்கிறதாமே?

இருக்கிறது. எனக்கு இதுதான் கூடப் பிடித்த கதை. அமெரிக்காவின் ஹூஸ்டனில் டெக்சாஸ் சிறுவர் வைத்தியசாலையிலும் பெய்லர் மருத்துவக் கல்லூரியிலும் மரியா எலெனா பொட்டாசி, பீட்டர் ஹோட்டெஸ் இருவரும் 2003 இன் சார்ஸ் வைரஸுக்காக ஒரு புரத ஊசியைப் பல வருடங்கள் செய்தார்கள். மனிதரில் சோதிக்கக் காசு கிடைக்கவில்லை, உறைவிப்பானுக்குள் வைத்துவிட்டார்கள். 2020 இல் உறவுக்கார வைரஸ் வந்ததும் அந்த அனுபவத்தை அப்படியே திருப்பினார்கள்.

அவர்கள் எடுத்தது ஏற்பியைத் தொடும் சிறு துண்டு. பிக்கியா என்ற ஈஸ்டுக்குள் அதை வைத்தார்கள். மெதனோலை ஊட்டினால் இந்த ஈஸ்ட் புரதத்தைச் செய்து தான் வளர்கிற திரவத்துக்குள் வெளியே விடும். கலத்தை உடைக்கத் தேவையில்லை, சுத்திகரிப்பும் மலிவு. ஆனால் ஈஸ்டுக்கு ஒரு பழக்கம் உண்டு: புரதத்தின் மேல் வெல்லத்தைத் தேவைக்கு அதிகமாக ஒட்டிவிடும். அதனால் வெல்லம் ஒட்டுகிற ஓர் இடத்தைத் துண்டில் இருந்தே எடுத்துவிட்டார்கள். இரண்டு துண்டுகள் ஒன்றோடொன்று கொளுவிக்கொள்ளாமல் இருக்க இன்னோர் அமினோ அமிலத்தையும் மாற்றினார்கள். கேட்கச் சின்ன வேலை. இந்த மாதிரிச் சின்ன வேலைகள்தான் மாதங்களைத் தின்றன.

ஹைதராபாத்தின் பயலொஜிக்கல் ஈ கம்பனி அதைக் கோர்பெவாக்ஸ் என்ற பெயரில் செய்தது. ஹூஸ்டன் குழு அதற்குக் காப்புரிமை போடவில்லை. 2021 டிசம்பர் 28 இல் இந்தியா அனுமதித்தது. 2022 மார்ச் 16 முதல் அங்கே 12 முதல் 14 வயதுப் பிள்ளைகளுக்குப் போட்டார்கள். இந்திய அரசு வாங்கிய விலை டோஸுக்கு 145 இந்திய ரூபாய்.

கியூபாவின் அப்தாலாவும் பிக்கியா ஈஸ்டில் செய்ததுதான். பெரும்பாலும் மூன்று டோஸாகப் போட்டார்கள்.

பற்றீரியாவிலேயே செய்தால் இன்னும் மலிவுதானே?

இன்சுலினுக்குச் சரி. ஸ்பைக்குக்குச் சரிவராது. ஒவ்வொரு ஸ்பைக்கிலும் 22 இடங்களில் வெல்லச் சங்கிலி ஒட்ட வேண்டும், மடிப்பும் சிக்கலானது. இதற்கு வழமையாகப் பயன்படுத்துகிற ஈ. கோலை என்ற பற்றீரியாவுக்கு அந்த வேலை தெரியாது.

புகையிலைச் செடியில் செய்ததாகவும் கேள்விப்பட்டேன்.

கனடாவின் மெடிக்காகோ செய்தது. எங்கள் பக்கத்தில் நடுகிற புகையிலை இல்லை, அதன் காட்டு உறவான நிக்கோட்டியானா பெந்தமியானா. 2022 பெப்ரவரியில் கனடா அனுமதித்தது. ஆனால் ஒரு சிகரெட் கம்பனி அதில் பங்கு வைத்திருந்ததால் உலக சுகாதார நிறுவனம் ஏற்கவில்லை. அடுத்த வருடம் கம்பனியையே மூடிவிட்டார்கள்.

புரதம் மட்டும் போதாதா? மரப்பட்டை எல்லாம் எதற்கு?

சுத்தமான புரதத்தை உடல் பெரிதாகக் கணக்கெடுக்காது. ஆபத்து என்ற சைகை அதில் இல்லை. முழு வைரஸில் அந்தச் சைகை தானாக இருக்கும். புரதத் தடுப்பூசிக்கு அதை வெளியில் இருந்து சேர்க்க வேண்டும். அப்படிச் சேர்க்கிற தூண்டுபொருளைத்தான் அட்ஜுவண்ட் என்கிறார்கள்.

நோவாவாக்ஸ் சேர்ப்பது சிலி நாட்டுக் குயில்லாயா மரத்தின் பட்டையில் இருந்து எடுத்த சப்போனின். தண்ணீரில் போட்டு அடித்தால் நுரைக்கும். ஒரு டோஸில் ஸ்பைக் 5 மைக்ரோகிராம், தூண்டுபொருள் 50 மைக்ரோகிராம். விகிதத்தைப் பாருங்கள். கோர்பெவாக்ஸில் அலுமினிய உப்பும், பற்றீரியாவின் டிஎன்ஏயைப் பாவனை செய்கிற செயற்கைத் துண்டு ஒன்றும் இருக்கின்றன. அலுமினிய உப்பு 1930களில் இருந்து ஊசிகளில் உள்ளது. ஐங்கூட்டு ஊசியிலும் அதுதான்.

கிருமி 2020 ஜனவரியிலேயே தெரிந்ததே. இந்த ஊசி ஏன் இவ்வளவு பிந்தியது?

எம்ஆர்என்ஏ ஊசி மரபணுத் தொடர் தெரிந்து இரண்டு மாதத்தில், 2020 மார்ச் 16 அன்று, முதல் ஆளுக்குப் போடப்பட்டது. நோவாவாக்ஸ் மே மாதத்தில் சோதனையைத் தொடங்கியது. இரண்டு மாத வித்தியாசம்தான். ஆனால் பைசருக்கு 2020 டிசம்பரில் அனுமதி. நோவாவாக்ஸுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் அவசர அனுமதி கிடைத்தது 2021 டிசம்பரில். ஒரு முழு வருடம் பிந்தி. அந்த நேரம் இலங்கையில் வளர்ந்தோர் பெரும்பாலானோருக்கு இரண்டு ஊசி போட்டு முடிந்திருந்தது.

அந்த வருடம் போனது கண்டுபிடிப்பில் இல்லை, செய்கையில்தான். நோவாவாக்ஸ் தன் தொழிற்சாலைகளை 2019 இல் விற்றிருந்தது. கொரோனா வந்ததும் உலகம் முழுக்க வேறு வேறு ஆலைகளில் செய்விக்க வேண்டி வந்தது. ஓர் ஆலையில் வளர்கிற கலம் இன்னோர் ஆலையின் தாங்கியில் கொஞ்சம் வேறு மாதிரி வளரும். எல்லா ஆலையிலும் வந்தது ஒரே புரதம்தான், ஒரே சுத்தம்தான் என்று கட்டுப்பாட்டு அதிகாரிகளுக்குக் காட்ட வேண்டும். அந்த அளவீட்டு முறைகளிலேயே மாதங்கள் போயின. போதாததற்குக் கலம் வளர்க்கிற பைகளுக்கும் வடிகட்டிகளுக்கும் உலகம் முழுக்கத் தட்டுப்பாடு.

சனோபி, ஜீ.எஸ்.கே. என்ற இரண்டு மருந்துக் கம்பனிகள் சேர்ந்து செய்த ஊசிக்கு நடந்தது இன்னும் துயரம். 2020 டிசம்பரில் பார்த்தால் முதியவர்களில் போதிய எதிர்ப்பு வரவில்லை. காரணம், புரதத்தின் அளவைக் காட்ட வேண்டிய பரிசோதனைத் திரவம் கலப் புரதத்தையும் சேர்த்து எண்ணியிருந்தது. எண்ணியதை விடக் குறைந்த மருந்துதான் ஊசிக்குள் போயிருந்தது. திரும்ப முதலில் இருந்து. கடைசியில் ஐரோப்பா அனுமதித்தது 2022 நவம்பரில்.

அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழகம் ஸ்பைக்கை விசை விடாமல் பிடிக்க ஒரு கொளுக்கி போட்டது. அந்தக் கொளுக்கி எச்.ஐ.வி. வைரஸின் ஒரு புரதத்தில் இருந்து எடுத்த துண்டு. ஊசி போட்டவர்களுக்கு எச்.ஐ.வி. வராது, வரவும் இல்லை. ஆனால் உடல் அந்தத் துண்டுக்கும் பிறபொருளெதிரி செய்ததால் சில எச்.ஐ.வி. பரிசோதனைகள் பிழையாக ஆம் என்றன. நாடு முழுக்கப் போட்டால் இரத்தவங்கி என்ன பாடுபடும்? 2020 டிசம்பர் 11 அன்று நிறுத்தினார்கள். அரசு 5 கோடிக்கு மேல் டோஸ் கேட்டு வைத்திருந்த ஊசி அது. நிறுத்தியது எனக்குச் சரியான முடிவாகவே படுகிறது.

சரி, வேலை செய்ததா?

நோவாவாக்ஸ் பிரித்தானியாவில் ஏறத்தாழ 15,000 பேரில் சோதித்தபோது நோய் வராமல் காத்த வீதம் நூற்றுக்கு 89.7. அமெரிக்காவிலும் மெக்சிக்கோவிலும் ஏறத்தாழ 30,000 பேரில் 90.4. ஆனால் தென்னாபிரிக்காவில் பீட்டா உருமாற்றம் பரவிய நேரத்தில் செய்த சோதனையில் பாதிக்கு வந்துவிட்டது. இந்த எண்கள் எல்லாம் ஒமிக்ரோனுக்கு முந்தியவை. அப்புறம் தொற்றைத் தடுப்பதில் எல்லா ஊசிகளும் இறங்கின. கடும் நோயில் இருந்து காப்பதில் அவ்வளவு இறங்கவில்லை.

கோர்பெவாக்ஸின் கதை வேறு. வெறும் திரவம் போட்டவர்களோடு ஒப்பிட்டு எத்தனை பேருக்கு நோய் வந்தது என்று அதில் எண்ணவில்லை. கோவிஷீல்ட் போட்டவர்களின் பிறபொருளெதிரி அளவோடு ஒப்பிட்டு, அதைவிட நன்றாக இருக்கிறது என்று அனுமதித்தார்கள். ஏற்றுக்கொள்ளப்பட்ட முறைதான். ஆனாலும் இரண்டு ஊசிகளின் வீதத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இது பெரிசு அது சிறிசு என்று பேஸ்புக்கில் சண்டை பிடிக்க இந்த எண்கள் உதவாது.

கரண்ட் நின்றால் இந்த ஊசி பழுதாகாதா?

இங்கேதான் வன்னிக்குப் புரத ஊசி பொருந்தும். பைசர் ஊசியைத் தொடக்கத்தில் சுழியத்துக்குக் கீழே 70 பாகை செல்சியஸ் அளவில் வைக்க வேண்டியிருந்தது. அப்படிப்பட்ட உறைவிப்பான் துணுக்காயிலும் ஒட்டுசுட்டானிலும் பூநகரியிலும் எங்கே? உருக்கிய பிறகு சாதாரணக் குளிரில் ஒரு மாதம் வைக்கலாம் என்று 2021 மே மாதத்தில்தான் விதியைத் தளர்த்தினார்கள். நோவாவாக்ஸும் கோர்பெவாக்ஸும் 2 முதல் 8 பாகைக்குள் இருந்தால் போதும். குழந்தைகளின் ஐங்கூட்டு ஊசி இருக்கிற அதே குளிரூட்டி, மிஸி கிளினிக்குக்குக் காவிக்கொண்டு போகிற அதே குளிர்ப்பெட்டி. புதிதாக ஒரு சாமானும் வாங்கத் தேவையில்லை. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்சாரம் நின்ற நாட்டில் இது சின்ன விஷயம் இல்லை.

ஆனால் எங்கள் ஆட்கள் வெயிலுக்கு மட்டும்தான் பயப்படுகிறோம். இந்த வகை ஊசிக்கு உறைவதும் கேடு. அலுமினிய உப்பு உள்ள ஊசி ஒருமுறை உறைந்தால் உப்பும் புரதமும் கட்டிபட்டுவிடும். திரும்ப உருகினாலும் பழைய நிலைக்கு வராது. உறைவிப்பானில் இருந்து எடுத்த ஐஸ் பொதியை அப்படியே குளிர்ப்பெட்டிக்குள் குப்பிக்குப் பக்கத்தில் வைப்பதுதான் வழமையான பிழை. பொதியைக் கொஞ்ச நேரம் வெளியே வைத்து, ஆட்டிப் பார்க்கும்போது உள்ளே தண்ணீர் அலைகிற சத்தம் கேட்ட பிறகுதான் அடுக்க வேண்டும். குப்பியின் மேல் நிறம் மாறுகிற சின்னச் சதுரம் சூடு பட்டதைத்தான் காட்டும், உறைந்ததைக் காட்டாது. அலுமினியம் உள்ள ஊசியில் சந்தேகம் வந்தால், வேண்டுமென்றே உறைய வைத்து உருக்கிய குப்பி ஒன்றோடு சேர்த்துக் குலுக்கி வைத்துப் பார்ப்பார்கள். இரண்டிலும் அடையல் ஒரே வேகத்தில் இறங்கினால் சந்தேகக் குப்பியும் உறைந்ததுதான்.

இது எங்கட மரபணுவை மாற்றுமா?

மாற்றாது. ஊசிக்குள் இருப்பது செய்து முடித்த புரதம். புரதத்தில் இருந்து மரபணுவை எழுதுகிற வழி எங்கள் கலத்தில் இல்லை.

பக்கவிளைவு?

கை நோவு, களைப்பு, தலையிடி, உடம்பு உளைவு, சிலருக்குக் காய்ச்சல். இரண்டாவது ஊசிக்குக் கொஞ்சம் கூட. பெரும்பாலும் ஓரிரு நாளில் போய்விடும். நோவாவாக்ஸிலும் மிக அரிதாக இதயத்தசை அழற்சி பதிவாகியிருக்கிறது. எம்ஆர்என்ஏயில் மட்டும்தான் வரும் என்று சொல்வது சரியில்லை. கடும் ஒவ்வாமை எந்த ஊசியிலும் வரலாம். அதனால்தான் போட்டதும் கொஞ்ச நேரம் கதிரையில் இருக்கச் சொல்கிறார்கள். அந்த நேரத்தில் பஸ்ஸைப் பிடிக்க ஓடாதீர்கள்.

வைரஸ் மாறிக்கொண்டே இருக்கிறதே, பழைய புரதம் என்ன செய்யும்?

புரதத்தையும் மாற்ற வேண்டியதுதான். நோவாவாக்ஸ் 2023 இல் எக்ஸ்பிபி.1.5 வகைக்கும் 2024 இல் ஜேஎன்.1 வகைக்கும் ஊசியை மாற்றியது. எம்ஆர்என்ஏயில் தொடரை மாற்றினால் மிச்ச வேலை அனேகமாக அதேதான். புரதத்தில் புதுத் தொடர் என்றால் புதுப் பகுலோ வைரஸ், புது வளர்ப்பு, மடிப்பு சரியா என்று திரும்பப் பார்ப்பது. வேகத்தில் இது என்றும் பின்னுக்குத்தான் நிற்கும். இதை மறைத்துப் பேசுகிறவர்களை நம்பாதீர்கள்.

இலங்கையில் இதைச் செய்ய முடியாதா?

அறிவு குறைவென்று யாரும் சொல்ல முடியாது. கியூபாவைப் பாருங்கள். சனத்தொகை எங்களில் பாதி, தலைக்கு மேல் அமெரிக்கத் தடை. 1986 இல் மரபணுப் பொறியியல், உயிர்த்தொழினுட்ப நிலையத்தைத் திறந்து, தங்களுக்கான ஹெப்பற்றைற்றிஸ் பி ஊசியைச் செய்தார்கள். அதற்கென்று வைத்திருந்த ஆட்களும் ஈஸ்ட் அனுபவமும்தான் 2021 இல் அப்தாலாவைத் தந்தது. அந்த செப்டெம்பரில் இரண்டு வயதுப் பிள்ளைகளுக்கும் ஊசி போடத் தொடங்கியிருந்தார்கள். முப்பத்தைந்து வருடம் இடைவிடாமல் காசு போட்ட விளைவு அது. நோய் வந்த பிறகு அடிக்கல் நாட்டி, நாடா வெட்டி, படம் எடுத்தால் நடக்கிற காரியம் இல்லை.

மின்சாரம், ஊசிக்கு ஏற்ற தூய நீர், ஒரு துகள் தூசி இல்லாத அறை, இவற்றுக்கு மேலே ஒவ்வொரு தொகுதியையும் அளந்து கையெழுத்து வைக்கிற ஆட்கள். கடைசியாகச் சொன்னதுதான் கிடைக்க அரிது.

மகள் உயர்தரத்தில் உயிரியல் படிக்கிறாள். மருத்துவபீடம் கிடைக்காவிட்டால் இந்த வேலைக்குப் போகலாமா?

போகலாம், மருத்துவபீடம் கிடைக்காததற்கு ஆறுதலாக இல்லாமல் விருப்பப்பட்டே போகலாம். யாழ் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடமும் தொழினுட்ப பீடமும் கிளிநொச்சியிலேயே அறிவியல் நகரில் இருக்கின்றன. வவுனியாப் பல்கலைக்கழகத்தில் பிரயோக விஞ்ஞான பீடம் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானமும் படிக்கலாம். பட்டப்படிப்புக்குப் பிறகு மூலக்கூற்று உயிரியலுக்குக் கொழும்புப் பல்கலைக்கழகத்தில் தனி நிறுவனமே உண்டு.

ஒன்று மட்டும். மரபணுவைக் கலத்துக்குள் வைக்கிற பகுதியைத்தான் பிள்ளைகள் விரும்பிப் படிக்கிறார்கள், பரீட்சையிலும் அதுதான் வரும். ஊசித் தொழிற்சாலையில் கூட ஆள் தேவைப்படுவது அதற்குப் பிறகு: நிரலில் பிரிப்பது, புரதத்தின் அளவையும் வடிவத்தையும் அளப்பது, அளந்ததை இன்னொருவர் திரும்ப அளந்தாலும் அதே எண் வருமா என்று பார்ப்பது. சனோபியின் ஊசி தடுக்கி விழுந்தது அந்த இடத்தில்தான். அதற்கு இரசாயனவியலும் கொஞ்சம் புள்ளிவிபரவியலும் வேண்டும். உயிரியலுக்கு நேரம் வேணும் என்று மகள் இரசாயனவியல் வகுப்பை வெட்டினால் விடாதீர்கள்.